நாலு விரல் தூரம்

"என்னங்க, என் வண்டியில ஒரு கதவுக்கு மட்டும் மஞ்சக்காமாலை வந்திருக்கு?" என்று கேட்டபடி பட்டறைக்குள் வந்தார் அந்த மனிதர்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தான். வெள்ளைக் கார். முன் கதவு அவன் கலந்து கொடுத்த வெள்ளையில் அடித்தது. பின் கதவு கம்பெனியிலிருந்து வந்த வெள்ளை. இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. தள்ளி நின்று பார்த்தான். குனிந்து பார்த்தான். வண்டியை வெயிலுக்குத் தள்ளச் சொல்லிப் பார்த்தான்.

"ஒண்ணாத்தானே இருக்கு?" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பட்டறையில் எதற்கும் சிரிப்பார்கள். தகரம் தட்டும் டிங்கர் தன் சுத்தியலைக் காலில் போட்டுக்கொண்டால்கூடச் சிரித்துவிட்டுத்தான் தண்ணீர் கொண்டு வருவார்கள். இப்போது எல்லோரும் கார் கதவைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அதுதான் உறைத்தது.

அங்கே அவனுக்குக் 'கெமிஸ்ட்ரி' என்று பெயர். வேதியியல் படித்துவிட்டுப் பெயின்ட் கலக்க வந்தவன் என்பதால் முதலாளி வைத்த பெயர். இடித்து நசுங்கி வரும் வண்டிகளைத் தட்டி நேராக்குவது மற்றவர்கள் வேலை. புதுத் தகரத்துக்குப் பழைய நிறத்தைக் கொண்டுவருவது அவன் வேலை. வெள்ளை என்று வாயால் சொல்லிவிடலாம். அதில் கறுப்பு ஒரு சொட்டு, மஞ்சள் அரைச் சொட்டு, சில வண்டிக்கு நீலம் கால் சொட்டு. வெயில் தின்ற வண்டிக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சள். நிற அட்டையில் போட்டிருக்கும் எண்ணை வைத்து முக்கால் வேலை நடக்கும். மீதியைக் கண்தான் செய்ய வேண்டும்.

முதலாளி அவனைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கத்த வேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்துவார்.

"இப்படி வர்ற முதல் வண்டி இது இல்ல, கெமிஸ்ட்ரி. மத்ததையெல்லாம் ராத்திரியோட ராத்திரியா நாங்களே மாத்தி அடிச்சுட்டோம். உன் நெலமை தெரியும், அதான் சொல்லல. போய்க் கண்ணக் காட்டு. அதுவரைக்கும் பில் போடற எடத்துல உக்காரு."

உன் நிலைமை என்று அவர் சொன்னது, அவன் மனைவி இறந்ததை. அது நடந்து இரண்டாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதற்குமேல் அவன் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கண் ஆஸ்பத்திரியில், புரை மாதிரி இருக்கிறது, நாளைக்கு டாக்டரைப் பார்க்கக் கூட ஓர் ஆள் வர வேண்டும் என்றார்கள். போனை எடுத்துப் பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனான். தண்ணீர் கேன், கேஸ், வீட்டுக்காரர், கரன்ட் ரிப்பேர். எடுத்து, "நாளைக்கு என்கூட வர முடியுமா?" என்று கேட்கக்கூடிய பெயர் ஒன்றே ஒன்று இருந்தது. மச்சான்.

மச்சான் இறந்துபோன மனைவியின் அண்ணன். டவுன் பஸ் டிரைவர். பஸ்ஸின் ஹார்ன் வேலை செய்யாவிட்டால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தியே வழி வாங்கிவிடுவார் என்று டிப்போவில் பேர் எடுத்தவர். காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்து நின்றார்.

"முப்பத்தேழு வயசுல புரையா மாப்ள? எங்க அப்பாவுக்கே எழுபதுல தான் வந்துச்சு. எதுலயும் முந்திக்கணுமா உனக்கு?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். மச்சான் பதிலை எதிர்பார்க்காமல் பின்னால் வந்தார்.

டாக்டரம்மா விளக்கை இரண்டு கண்ணிலும் அடித்துப் பார்த்தார். அவனுடைய தடித்த கண்ணாடியைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஒருமுறை தூக்கினார்.

"ஸ்கூல்ல என்ன கூப்பிட்டாங்க?"

"சோடாபுட்டி."

"கிட்டப்பார்வை இவ்வளவு அதிகமா இருக்கற கண்ணுல புரை கொஞ்சம் சீக்கிரமே வரும். உள்ள இருக்கற லென்ஸ் பழுப்பாகிட்டு வருது. மெதுவா ஆகறதால உங்களுக்கே தெரியாது. ரெண்டுலயும் இருக்கு, வலதுல ஜாஸ்தி. முதல்ல அதப் பண்ணிடலாம். கொஞ்ச நாள் விட்டு இடது. சந்தேகம் இருந்தா பக்கத்து ரூம்ல கேளுங்க."

பக்கத்து அறையில், கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் கால்பந்து அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கண். அதைப் பாதியாகப் பிளந்து, உள்ளேயிருக்கும் லென்ஸைக் கழற்றிக் கழற்றி மாட்டி, அதன் ஓரமெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். மச்சான் அடுத்த நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"கண்ண வெளிய எடுத்து வெச்சுட்டுத்தானே பண்ணுவீங்க?"

"இல்லைங்க. கண்ணு இருக்கற எடத்துலயேதான் இருக்கும். ஓரத்துல சின்னதா ஒரு துளை. மங்கிப்போன லென்ஸை அதிர்வு கொடுத்து உடைச்சு உறிஞ்சிடுவாங்க. அந்த எடத்துல புது லென்ஸ மடிச்சு உள்ள விட்டா, அது தானா விரிஞ்சுக்கும்."

"மயக்க ஊசியா?"

"சொட்டு மருந்து விட்டு மரத்துப் போக வெப்போம். முழிச்சுட்டுத்தான் இருப்பீங்க."

"முழிச்சுட்டா?" மச்சானின் குரல் ஒரு படி இறங்கியது. "நடுவுல கண்ணச் சிமிட்டிட்டா?"

"சிமிட்ட முடியாது. இமைக்கு கிளிப் போட்டிருப்பாங்க."

மச்சான் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆபரேஷன் யாருக்கு?"

"இவருக்குத்தாம்மா. இவரு வாயத் தொறக்க மாட்டாரு. அதான் ரெண்டு பேருக்கும் சேத்து நான் பேசறேன். பயப்படறதையும் நானே பட்டுக்கறேன். ஆமா, நல்லாப் பழுக்க விட்டுத்தான் எடுக்கணும்னு எங்க டிப்போல சொல்றாங்களே?"

"அது அந்தக் காலம். பழுக்க விட்டா கல்லு மாதிரி இறுகிடும். எடுக்கறவங்களுக்கும் கஷ்டம், கண்ணுக்கும் கஷ்டம்."

"புது லென்ஸ் எவ்வளவு நாளைக்கு உழைக்கும்? டயர் மாதிரி நடுவுல மாத்தணுமா?"

"ஆயுசுக்கும் அதேதான்."

"மறுபடி புரை?"

"வராது. சிலருக்கு லென்ஸுக்குப் பின்னாடி இருக்கற சவ்வு மங்கும். அதுக்கு லேசர் இருக்கு, உக்காந்தபடியே பண்ணிடலாம்."

"தலைக்குக் குளிக்கறது? டிவி? பளு தூக்கறது? இவரு பெயின்ட் டப்பா தூக்கறவரு."

"டிவி பாக்கலாம். தலைக்கு நாங்க சொல்ற வரைக்கும் வேண்டாம், கண்ணுல தண்ணி படக்கூடாது. டப்பாவ வேற யாராவது தூக்கட்டும். சொட்டு மருந்து மட்டும் ஒரு வேளைகூட விடக் கூடாது. வீட்ல யாரு இருக்கா, போட்டு விட?"

மச்சான் தொண்டையைச் செருமினார். "நான் வந்து போட்டுடறேன்" என்றார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்பதுபோல் ஒருமுறை திரும்பி அவனைப் பார்த்துவிட்டு, "அழுதா ஏதாவது ஆகுமா?" என்றார்.

"அழுதா ஒண்ணும் ஆகாதுங்க. கையால கசக்காம இருந்தாச் சரி."

அவன் அந்தப் பிளாஸ்டிக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்தில் அவன் அழுததில்லை. அது மச்சானுக்கும் தெரியும்.

"கடைசியா ஒண்ணு" என்றாள் அந்தப் பெண், இந்த முறை அவனைப் பார்த்து. "இயற்கையான லென்ஸ் கிட்டப் பாக்கறப்ப ஒரு மாதிரி, தூரம் பாக்கறப்ப ஒரு மாதிரி வளைஞ்சு கொடுக்கும். நாங்க வெக்கறது வளையாது. ஒரு தூரத்துக்குத்தான் தெளிவா இருக்கும். தூரம் தெளிவா வேணுமா, கிட்டத் தெளிவா வேணுமா?"

அவன் யோசித்து வாயெடுப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். "தூரம்தான்! இதுல என்ன கேள்வி? பாவம், பொறந்ததுலேர்ந்து சோடாபுட்டியோட அலையறான். தூரமாப் பாக்கட்டும்."

"சரிதானே?" என்று அவள் அவனைக் கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். அந்த இரண்டு வருடத்தில் அவன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஆட்டியிருந்தான். மனைவியின் துணிமணிகளை யாருக்குக் கொடுப்பது, கட்டிலை என்ன செய்வது, வீட்டை மாற்றுவதா வேண்டாமா, எல்லாம் யாரோ கேட்டார்கள், வேறு யாரோ பதில் சொன்னார்கள், இவன் தலையை ஆட்டினான். கட்டில் தங்கியது. துணிகள் போயின.

ஆபரேஷன் சுருக்கமாக முடிந்தது. ஒரு வெளிச்சம் மூன்றாகி, கரைந்து, தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் ஆடியது. டாக்டரம்மா நடுநடுவே, "நல்லா இருக்கீங்க, அசையாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது மச்சான்தான் வியர்த்திருந்தார்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். வராந்தாவின் கடைசியில் ஒரு பெயர்ப்பலகை. அதை அவன் படித்தான். கண்ணாடி இல்லாமல் படித்தான். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தான். பலகையே இல்லை, பழுப்பாக ஒரு மொத்தை. திரும்ப வலது கண். சுவர் வெள்ளையாக இருந்தது, லேசாக நீலம் தட்டிய வெள்ளை. இடது கண்ணுக்கு அதே சுவர் டீ கொட்டித் துடைத்த மாதிரி இருந்தது. நிறத்தை வைத்துப் பிழைத்தவன், இத்தனை நாளும் டீயில் நனைத்த துணி வழியாகப் பார்த்துச் சம்பளம் வாங்கியிருக்கிறான்.

"எப்படி மாப்ள இருக்கு?"

"உங்க சட்டை வெள்ளையா மச்சான்?"

"பின்ன?"

"நான் சந்தன கலர்னு நெனச்சேன்."

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். அவனும் சிரித்திருக்கலாம். உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த நாள் காலையில்தான் அது நடந்தது.

அவனுக்கு விழிப்பு வந்ததும் ஒரு பழக்கம் உண்டு. கண்ணாடியைத் தேடிக் கையை நீட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே இடப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். கண்ணாடி இல்லாத அவன் கண்ணுக்கு உலகத்தில் நாலு விரல் தூரம்வரைதான் தெளிவு. அதற்கு அப்பால் எல்லாம் கரைந்த பெயின்ட். ஆனால் அந்த நாலு விரலுக்குள் அவன் பார்வை பூதக்கண்ணாடி. மற்றவர்களுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். அவள் இருந்தபோது அந்தத் தூரத்தில் அவள் முகம் இருந்தது.

கண்ணாடி போட்டுப் பார்த்த முகம் எல்லோருக்கும் தெரிந்த முகம். போட்டோவில் இருக்கும் முகம். வெறும் கண்ணால் பார்த்தது வேறு. கீழிமையின் ஓரத்தில், ரோமங்களுக்கு நடுவே, ஊசி முனை அளவுக்கு ஒரு மச்சம் இருந்தது. அவளுக்கே தெரியாது, சொன்னபோது நம்பவில்லை. மூக்கின் பக்கவாட்டில் பூனை ரோமம். தூக்கத்தில் உதட்டோரம் காய்ந்து பிளந்த ஒரு கோடு. அவள் கண்ணைத் திறந்ததும் முதலில் சொல்வது, "உத்துப் பாக்காதீங்க, கண்ணு கெட்டு வேலை போச்சுன்னா" என்பதுதான். சொல்லிவிட்டு நகர மாட்டாள்.

அவள் போன பிறகும் அவன் அந்தக் கொஞ்ச நேரத்தை விடவில்லை. தலையணையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கே ஒன்றும் இல்லை என்பது தெரியும். ஆனாலும், பார்க்கிற கண் அதே கண்தானே.

அன்று காலை வலது கண்ணால் தலையணையைப் பார்த்தான். வெள்ளையாக, மங்கலாக ஏதோ ஒன்று. முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். இன்னும் மங்கியது. பின்னால் தள்ளினான். எதிர்ச் சுவரில் பல்லி ஓடுவது, அதன் வால் அறுந்திருப்பது, துல்லியமாகத் தெரிந்தது. நாலு விரல் தூரம் மட்டும் போய்விட்டிருந்தது. துடைத்து எடுத்தாற்போல்.

அவசரமாக வலது கண்ணைப் பொத்தி, இடது கண்ணால் பார்த்தான். பழுப்பாக, கொஞ்சம் புகைமூட்டத்தோடு, தலையணை உறையின் இழைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பொத்திய கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

அதன் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதெல்லாம் பிடி கொடுக்காமல் பேசினான். இந்த வாரம் வேலை அதிகம். அடுத்த வாரம் மச்சானுக்கு டியூட்டி. லேசாகச் சளி. நாலாவது முறை அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "ரெண்டு கண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கறப்ப மூளை குழம்பும்ங்க. கண்ணாடியும் போட முடியாது. தலை சுத்தல் இல்ல?"

"இல்லை" என்றான்.

தலை சுற்றியது. இடது பக்கக் கண்ணாடியை மட்டும் மாட்டினால் ஒரே படி இரண்டாகத் தெரிந்தது, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. எதில் கால் வைப்பது என்று தெரியாமல் மாடிப்படியில் உருண்டான். பட்டறையில் இடது கண்ணின் மேல் துணியைக் கட்டிக்கொண்டு வெள்ளை கலந்தான். வெள்ளை அச்சாகப் பொருந்தியது. ஆனால் ஒற்றைக் கண்ணுக்குத் தூரக் கணக்கு பிடிபடவில்லை. டப்பாவில் ஊற்றிய பெயின்ட் பாதி முதலாளியின் செருப்பில் விழுந்தது.

"கெமிஸ்ட்ரி" என்றார் முதலாளி, செருப்பைப் பார்த்தபடி. "கலர் பிரமாதம். இன்னொரு கண்ணயும் முடிச்சுட்டு வா. இல்லன்னா பில் போடற எடத்துக்கே நிரந்தரமா ஒரு நாற்காலி வாங்கிடறேன்."

இரண்டு காலுக்கும் செருப்பு ஒன்றாக இருக்க வேண்டுமே என்று டிங்கர் அடுத்த செருப்பிலும் பெயின்ட் ஊற்றப் போக, எல்லோரும் சிரித்தார்கள். அவன் துணியை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

சாயங்காலம் மச்சான் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கும் போன் போயிருந்தது. காக்கிச் சட்டைகூடக் கழற்றவில்லை.

"சளியா உனக்கு? எனக்கு டியூட்டியா? என் பேரைச் சொல்லிப் பொய் வேற. ஏன்டா மாப்ள, அரைக் கண்ணோட எவ்வளவு நாளைக்கு அலையறதா உத்தேசம்?"

அவன் சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். டம்ளர் நிரம்பி வழிந்தது. குழாயை மூடவில்லை.

"நீங்க ஏன் தூரம்னு சொன்னீங்க?" என்றான்.

"என்னது?"

"என்னைத்தானே கேட்டா அந்தப் பொண்ணு. நீங்க ஏன் சொன்னீங்க? யாரு கேட்டா உங்கள? எல்லாத்துக்கும் நீங்களே சொல்லுவீங்களா? துணியக் குடுத்துடு, வீட்ட மாத்து, தூரம் வெச்சுக்கோ... எனக்குக் கிட்டத் தெரிஞ்சுட்டிருந்துது மச்சான். அத எடுத்துட்டாங்க. இன்னொண்ணயும் எடுக்கச் சொல்றீங்க."

இவ்வளவு நீளமாக அவன் பேசி மச்சான் கேட்டதில்லை. கிட்டே வந்து குழாயை மூடினார். ஈரக் கையைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அவ சொல்லிட்டே இருப்பா" என்றார். குரலில் பஸ் இல்லை. "நீ கண்ணாடியக் கழட்டினப்புறம் அவ வாசப்படியில நின்னு விரலைக் காட்டுவாளாமே. எத்தனைன்னு. நீ எப்பவும் தப்பாவே சொல்லுவியாம். எங்க வீட்டுக்கு வந்தா இதே கதைதான். 'அண்ணா, ரூமுக்கு இந்தப் பக்கம் நின்னா நான் யாருன்னே அவருக்குத் தெரியாது. ஒரு நாளாவது கண்ணாடி இல்லாம என்னைத் தூரத்துல பாக்கணும் அவரு.' அந்தப் பொண்ணு தூரமா கிட்டயான்னு கேட்டப்ப, எனக்கு அவ கேட்ட மாதிரி இருந்துச்சு. வாய் தானா சொல்லிடுச்சு."

அவன் வழிந்த டம்ளரை எடுத்து மேடைமேல் வைத்தான்.

"உனக்குக் கிட்ட என்ன தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது மாப்ள. அது உங்க ரெண்டு பேர் விஷயம். தப்புதான். உன்னக் கேட்டிருக்கணும்." காக்கிப் பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்தார். "உக்காரு. வேளை தப்பிடும்."

மச்சானின் கட்டைவிரல் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப் போயிருந்தது. அதைக் கீழிமையில் வைத்து இழுத்தால் சொரசொரவென்றிருக்கும். மருந்து விடும்போது ஒவ்வொரு தடவையும் மச்சானே கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். அதனால் முதல் சொட்டு எப்போதும் கன்னத்தில்தான். அன்றும் அப்படித்தான்.

மறுநாள் காலை அவன் விழித்தபோது வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் தலையணையைப் பார்த்தான். இழைகள். ஓர் இழை அறுந்து மேலே நீட்டிக்கொண்டிருந்தது. போனை எடுத்து அவள் படத்தைத் திறந்து நாலு விரல் தூரத்துக்குக் கொண்டுவந்தான். படம் வரவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியாகப் புள்ளிகள் வந்தன. கன்னம் இருக்க வேண்டிய இடத்திலும் புள்ளிகள், கண் இருக்க வேண்டிய இடத்திலும் புள்ளிகள். மச்சத்தைத் தேடினான். அந்தப் படத்தில் அது விழவே இல்லை. எந்தப் படத்திலும் விழுந்திருக்காது.

போனைக் கவிழ்த்து வைத்தான். தன் கையை அந்தத் தூரத்துக்குக் கொண்டுவந்தான். நகக்கண்ணில் வெள்ளைப் பெயின்ட். அதுவும் இடது கண்ணுக்கு மஞ்சளாகத்தான் இருந்தது. போன மாதம் இருந்ததைவிட அதிக மஞ்சள். புகையும் கூடியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவனே போன் செய்தான்.

இந்த முறை அந்த அறையில் மச்சான் நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்துகொண்டார். விரலை உதட்டின் மேல் வைத்துக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தக் கண்ணு மாதிரியே இதுக்கும் தூரம்தானே?"

"ஒண்ணு கேக்கணும்" என்றான் அவன். "இதுல இப்ப இருக்கற பவரையே திரும்ப வெக்க முடியுமா? நாலு விரல் தூரம் தெரியற மாதிரி."

இத்தனை வருடத்தில் ஆயிரம் பேரின் கேள்விகளைக் கேட்டவள் அவள். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. "எந்தக் கண்ணாடியும் இல்லாமப் போகத்தான் எல்லாரும் கேப்பாங்க. கிட்டன்னு நாங்க வெக்கறது புத்தகம் புடிக்கற தூரம். நாலு விரல்னு யாருக்கும் வெச்சதில்ல. வெக்கவும் மாட்டாங்க."

"அப்ப, பண்ணாமலே விட்டா? இது இப்படியே இருக்குமா?"

"இருக்காது. மங்கிட்டேதான் போகும். கொஞ்ச நாள்ல அந்த நாலு விரலும் தெரியாது."

அவன் பிளாஸ்டிக் கண்ணை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். லென்ஸ் கழன்று மடியில் விழுந்தது. எடுத்து மாட்டினான். சரியாக மாட்ட இரண்டு தடவை ஆயிற்று.

"கைய நீட்டினாத் தொடற தூரம் வெக்கலாமா?" என்றான்.

"வெக்கலாம். ஒரு கண்ணு தூரத்துக்கு, ஒரு கண்ணு அந்தத் தூரத்துக்கு. பழகக் கொஞ்ச நாள் ஆகும். சில பேருக்கு ஒத்துக்காது. டாக்டர்கிட்ட பேசிடலாம். எதுக்கு, கலர் பாக்கற வேலைக்கா?"

"வேலைக்கும்தான். எதுத்தாப்ல ஒரு ஆள் உக்காந்தா மூஞ்சி தெரியணும்."

சுவரோரத்தில் மச்சான் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

இரண்டாவது ஆபரேஷனில் அவன் விளக்கை எண்ணவில்லை. உள்ளே ஏதோ ரீங்காரம் கேட்டது. வெளிச்சத்தில் இருந்த பழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, ஓரங்களுக்கு நகர்ந்து, ஒரு கட்டத்தில் இல்லாமல் போனது. பிறகு கொஞ்ச நேரம் உருவமே இல்லாத வெளிச்சம் மட்டும் இருந்தது. உள்ளே எந்த லென்ஸும் இல்லாத நேரம் அது என்று பின்னால் தெரிந்துகொண்டான். "இப்ப புதுசு வைக்கறோம்" என்றார் டாக்டரம்மா. "சரி" என்றான். அவனிடம் யாரும் பதில் கேட்டிருக்கவில்லை.

கட்டுப் பிரித்த அன்று மச்சான் வீட்டுக்கு அழைத்துவந்தார். சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் அவனை உட்காரவைத்து, மற்றதை எதிரில் இழுத்துப் போட்டு மச்சான் உட்கார்ந்தார். மருந்தைக் குலுக்கினார்.

"இப்ப நான் எப்படித் தெரியறேன்?"

அவன் பார்த்தான். சரியாகச் சவரம் செய்யாத தாடை. அதில் பாதி நரை. புருவத்துக்கு நடுவே செங்குத்தாக ஒரு மடிப்பு. கண்ணுக்குக் கீழே வீக்கம். அழுத முகமா, தூங்காத முகமா என்று தெரியவில்லை. இரண்டு வருடமாகப் பார்த்துவந்த முகம்.

"வயசாயிடுச்சு உங்களுக்கு" என்றான்.

"போடா. கண்ணு குடுத்தா மொதல்ல என் நரையத்தான் பாப்பியா?" மச்சான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மருந்தை விட்டார். முதல் சொட்டு கன்னத்தில். "இன்னொண்ணு. அசையாத. ஆங், விழுந்துச்சு."

பிறகு அவர் எழுந்து தொப்பியைத் தேடினார். மத்தியான டியூட்டி. வாசல்வரை போய்த் திரும்பி, "ராத்திரி மருந்துக்கு வந்துடறேன். நீயா போட்டுக்காத, கோணலா விடுவ" என்றார்.

"நீங்க மட்டும்?"

"நான் கோணலா விட்டாலும் சொந்தக்காரன்."

செருப்புச் சத்தம் படியிறங்கி, தெருவுக்குப் போய், ஓய்ந்தது. அவன் இருந்த இடத்திலேயே இருந்தான். ஜன்னலுக்கு வெளியே, தெருக்கோடியில், யாரோ மாடியில் துணி காயப்போட்டார்கள். ஒவ்வொரு கிளிப்பும் தெரிந்தது. பார்வையை உள்ளே கொண்டுவந்தான். எதிரே நாற்காலி. முதுகுப் பலகையில் இரண்டு திருகாணி, ஒன்று துருப்பிடித்தது. மச்சான் உட்கார்ந்து எழுந்ததில் அதன் மெத்தை இன்னும் முழுதாக மேலே வரவில்லை. மெதுவாக, பள்ளம் நிரம்பிக்கொண்டிருந்தது.

கையை நீட்டினான். விரல் நுனி பலகையைத் தொட்டது. அளவெடுத்த தூரம் சரியாக இருந்தது. மெத்தை சமமாகும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, சாப்பிட ஒரு தட்டை எடுத்து வைத்தான்.